பறிக்கும் முன் ஒரு படம்

சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒரு சிட்டிகையாவது புற்றுமண் பிரசாதம் மடித்து வாங்கிக்கொண்டுதான் போவார்கள். நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். உடம்பில் அரிப்பு, தடிப்பு என்றால் தண்ணீரில் குழைத்துப் பூசிக்கொள்வார்கள். கோயிலின் தலவரலாறே ஒரு புற்றிலிருந்துதான் தொடங்குகிறது. ஆடித்தபசுக்கு வந்துபோகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் புற்றுக்கு என்ன மரியாதை என்று.

ஆனால் கோயிலை விட்டு நாலு கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டால் கதையே வேறு. எங்க பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். அந்தக் காட்டில் புற்றைப் பார்த்தால் கடப்பாரையைத் தேடுகிறோம், இல்லாவிட்டால் ஜேசிபிக்குப் போன் போடுகிறோம். இடித்த குழிக்குள் கறையான் மருந்தை ஊற்றி மூடினால்தான் நிம்மதி. கோயிலில் கும்பிடுகிற புற்றும் வரப்பில் இடிக்கிற புற்றும் ஒரே சாதிப் பூச்சி கட்டியவைதான்.

அந்தப் புற்றின் மேலும், மரத்தடி மூடாக்கின் மேலும், எருக்குழி ஓரத்திலும் மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மட்டும் தலைகாட்டும் காளான்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவற்றை முழங்காலிட்டு, மிகக் கிட்டத்தில் போய்ப் படம் எடுப்பதால் உழவருக்கு என்ன லாபம் என்று சொல்லப்போகிறேன். பொழுதுபோக்குக்காகச் சொல்லவில்லை. மண்ணுக்குள் நடப்பதை மண்ணைத் தோண்டாமலே தெரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்தவரை இதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது.

கறையான் செய்யும் விவசாயம்

முதலில் புற்றுக்குள் போவோம். நம் ஊர்களில் பெரிய புற்றுக் கட்டும் கறையான்கள் பெரும்பாலும் ஒடன்டோடெர்மிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. காய்ந்த இலை, சருகு, சுள்ளி, வைக்கோல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் அந்த மரச்சத்தைத் தனியாகச் செரிக்க அவற்றால் முடியாது. தின்றதைப் பாதி செரித்த நிலையில் வெளியேற்றி, அதைக் கொண்டே புற்றுக்குள் தேன்அடை போன்ற ஒரு அமைப்பைக் கட்டுகின்றன. அந்த அடையில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்க்கின்றன. பூஞ்சை அந்தக் கடினமான பொருளை உடைத்துக் கொடுக்கிறது. அடையின் மேல் வெள்ளை வெள்ளையாக வரும் சிறு உருண்டைகளையும், பக்குவப்பட்ட பழைய அடையையும் கறையான்கள் தின்கின்றன.

விதைக்கிறது, எரு போடுகிறது, களை எடுக்கிறது, அறுவடை செய்கிறது. வேறு பூஞ்சை உள்ளே நுழைந்தால் அதை வளர விடாமல் அப்புறப்படுத்துகிறது. இது சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் விவசாயம். நாம் ஏர் பிடிக்க ஆரம்பித்துப் பத்தாயிரம் வருஷம்தான் ஆகிறது.

நல்ல மழை பெய்து புற்று நனைந்ததும், அந்த அடையிலிருந்து ஒரு காம்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதுதான் நாம் புற்றுக்காளான் என்று சொல்வது. வெளியே தெரிவது ஒரு சாண் என்றால், மண்ணுக்குள் வேர் மாதிரி அதைவிட நீளமாகவும் இறங்கியிருக்கும். குடையின் நடுவில் ஒரு கூர்மையான முனை இருக்கும். இறுகிய மண்ணைக் குத்திக்கொண்டு வருவதற்கான கடப்பாரை அது.

1942ல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்தார். நம் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கே. நடராஜன், 1979ல் இதில் ஒரு புதிய இனத்தை விவரித்து, ஹெய்மைச் சிறப்பிக்கும் விதமாக டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயரிட்டார். தமிழ்நாட்டு ஆய்வாளர் ஒருவர் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய புற்றுக்காளான் அது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பேரேட்டில் ஏறாத வரவு

காளான் என்பது பூஞ்சையின் பழம் மட்டுமே. மாமரம் மண்ணுக்குள் இருந்து, மாம்பழம் மட்டும் வருஷத்துக்கு மூணு நாள் வெளியே வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். உண்மையான உடம்பு மண்ணுக்குள்ளும் சருகுக்குள்ளும் நூலாகப் பரவியிருக்கும் பூஞ்சை இழைதான். இலையையும் கட்டையையும் மக்கவைத்து நம் பயிருக்கு உணவாக மாற்றுவது அதன் வேலை. சில இனங்கள் மர வேர்களோடு சேர்ந்து தண்ணீரையும் சத்தையும் கொண்டுவந்து கொடுக்கும்.

இந்த உயிர் நம் நிலத்தில் இருக்கிறதா, கூடுகிறதா, குறைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மண்புழு என்றால் மண்வெட்டியால் புரட்டி எண்ணிவிடலாம். பூஞ்சையை எண்ண முடியாது. அது பழம் விடுகிற அந்த ரெண்டு நாளில் பார்த்தால்தான் உண்டு. எருக்குழியில் வரும் மைக்காளான் காலையில் குடை விரித்துச் சாயங்காலத்துக்குள் கறுப்பு மையாகக் கரைந்துபோகும். பார்க்காவிட்டால் வரவே இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் பேரேடு பார்த்தவன். பதிவில் ஏறாத வரவு வரவே இல்லை என்பது அங்கே படித்த பாடம். இப்போது தோட்டத்தில் மழைமானியும், ஒரு நோட்டும், செல்போனும்தான் என் பேரேடு. தேதி, எத்தனை மில்லிமீட்டர் மழை, எந்த மரத்தடி, எத்தனை காளான், படத்தின் எண். ஒரு பதிவுக்கு ஒரு வரி போதும். நாலு வருஷம் சேர்ந்தால் அந்த நோட்டு பேச ஆரம்பித்துவிடும்.

படத்தால் கிடைத்த புது இனம்

படம் எடுப்பதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு மேகாலயாவில் நடந்ததைச் சொல்வேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீபன் ஆக்ஸ்ஃபோர்டு காளான்களை மட்டுமே தேடித் தேடிப் படம் எடுப்பவர். அசாமில் இயங்கும் பாலிபாரா ஃபவுண்டேஷனும் ஆய்வாளர்களும் சேர்ந்து வடகிழக்கு மாநிலங்களில் காளான் கணக்கெடுப்பு நடத்தியபோது அவரும் போயிருந்தார். இருட்டில் ஒளிரும் மூங்கில் குச்சிகளை அந்த ஊர்க்காரர்கள் வழிகாட்டும் விளக்காகப் பயன்படுத்துவது அப்போது தெரியவந்தது. போய்ப் பார்த்தால் செத்த மூங்கிலில் சின்னஞ்சிறு காளான்கள். இரவில் அவற்றின் காம்பு பச்சையாக ஒளிர்ந்தது. குடை ஒளிரவில்லை.

படத்தோடு மாதிரியும் சேகரித்து, மரபணுவும் சோதித்து, 2020ல் அதைப் புது இனமென்று அறிவித்தார்கள். ரோரிடோமைசிஸ் ஃபில்லோஸ்டாகிடிஸ் என்பது பெயர். அந்தப் பேரினம் இந்தியாவில் பதிவானது அதுவே முதல் முறை. அறிவித்த கட்டுரையின் ஆசிரியர்களில் படம் எடுத்த ஆக்ஸ்ஃபோர்டும் ஒருவர். இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒன்று. காளானை முதலில் கண்டது ஆய்வாளர்கள் அல்ல, அந்த ஊர் மக்கள். அவர்களிடம் அறிவு இருந்தது, பதிவு மட்டும்தான் இல்லை.

இன்னொரு சம்பவம் நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தில். 2023 ஜூன் மாதம் குதிரேமுக் மலையடிவாரத்தில் கார்கலா அருகே, லோகித் என்ற இயற்கை ஆர்வலரும் நண்பர்களும் சாலையோரக் குட்டையில் தவளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தவளையின் விலாவில் குட்டிக் காளான் ஒன்று முளைத்து நின்றது. தவளை உயிரோடு நன்றாகவே இருந்தது. அதைப் பிடிக்காமல் படம் மட்டும் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த பூஞ்சை வல்லுநர்கள், அது காய்ந்த மரத்தில் வளரும் மைசீனா வகைக் காளான் என்றார்கள். 2024ல் அது ஆய்விதழில் வெளிவந்து உலகமே பேசியது.

படத்தின் பலமும் எல்லையும் இந்த ஒரு சம்பவத்திலேயே தெரிகின்றன. படம் இல்லையென்றால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பூஞ்சை தவளையின் தோலுக்குள் போயிருந்ததா, மேலே ஒட்டிக்கொண்டு வளர்ந்ததா என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்த எல்லையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு விஷயம் வரும்போது இதுதான் உயிரைக் காப்பாற்றும்.

என்ன வேண்டும், எப்படி எடுப்பது

விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம். இப்போது வரும் பல செல்போன்களில் மேக்ரோ வசதி இருக்கு. இல்லையென்றால் போன் லென்ஸின் மேல் கிளிப் போல மாட்டும் சின்ன மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் 1:1 என்று போட்டிருக்கும் மேக்ரோ லென்ஸை வாங்கலாம். ஒரு சென்டிமீட்டர் காளான் கேமராவின் சென்சாரிலும் ஒரு சென்டிமீட்டராகவே விழும் என்பது அதன் பொருள்.

கிட்டத்தில் போகப் போக, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே வரும். குடையின் முன்விளிம்பு தெளிவாக இருந்தால் பின்விளிம்பு மங்கிவிடும். இதற்கு ரெண்டு வழி. கேமராவைக் காளானின் உயரத்துக்கே இறக்கி, பக்கவாட்டில் நேராக வைத்து எடுப்பது ஒன்று. அசையாமல் வைத்துக்கொண்டு, தெளிவுப் புள்ளியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்திப் பத்துப் படம் எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாகச் சேர்ப்பது இன்னொன்று. இதை ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்கிறார்கள். பதிவுக்கு முதல் வழியே போதும்.

முக்காலி வேண்டாம். ஒரு பழைய துணிப்பையில் உமி நிரப்பிக் கட்டித் தரையில் வைத்து, அதன் மேல் போனை அழுத்தி உட்கார வையுங்கள். பொத்தானைத் தொட்டால் கை ஆடும். அதனால் ரெண்டு நொடி டைமர் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள், காலை ஏழு மணிவாக்கில் போங்கள். நேர் வெயில் பட்டால் வெள்ளைக் காளான் வெளிறித் தெரியும். வெள்ளைத் துண்டை விரித்து நிழல் கட்டினால் வெளிச்சம் மிருதுவாகும். குடைக்கு அடியில் இருட்டாக இருந்தால், ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் சாய்த்து வைத்தால் வெளிச்சம் கீழிருந்து எதிரொளிக்கும்.

ஒரு காளானுக்கு ஐந்து படம் எடுங்கள்.

ஒன்று, இடம். சுற்றிலும் உள்ள சருகு, மரம், சாணம், புற்று எல்லாம் தெரியும்படி கொஞ்சம் தள்ளி நின்று.

இரண்டு, மேலிருந்து குடை. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். கடைக்காரர் வாங்க யோசிக்கிற அந்த நாணயம் இங்கே அளவுகோலாகும்.

மூன்று, பக்கவாட்டில் முழுக் காளான். காம்பில் வளையம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

நான்கு, குடையின் அடிப்பக்கம். மீன் செவுள் மாதிரி மடிப்புகளா, ஊசித்துளைகளா, என்ன நிறம் என்பது இங்கேதான் தெரியும். பறிக்காமல் எடுக்க, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து அதில் விழும் பிம்பத்தை எடுக்கலாம்.

ஐந்து, காம்பின் அடி. ஒரு குச்சியால் மண்ணை மெதுவாக ஒதுக்கிப் பாருங்கள். அடியில் கிண்ணம் போன்ற உறை இருக்கிறதா, நீள வேர் இறங்குகிறதா, மரக்கட்டையில் ஒட்டியிருக்கிறதா? பார்த்ததும் மண்ணைத் திரும்ப மூடிவிடுங்கள்.

அழகான படம் வேண்டுமென்று சருகை எல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டு எடுக்கிறவர்கள் உண்டு. அந்தச் சருகுதான் காளானின் வீடு. அதையும் சேர்த்து எடுத்தால்தான் படத்துக்கு அர்த்தம்.

அடியைப் பாரு

இதைப் படிப்பவர்களில் சிலர், படத்தை வைத்துச் சாப்பிடலாமா கூடாதா என்று முடிவு செய்துவிடலாம் என்று நினைக்கலாம். கூடவே கூடாது. ஏன் என்று சொல்றேன்.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஆச்சியின் பேரன், பள்ளிக்கூடம் லீவு என்பதால் கூட வந்திருந்தான். மாடு கட்டும் புல்தரையிலிருந்து கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று ஆறு காளான்களைச் சட்டையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தான். பார்க்கப் புற்றுக்காளான் போலவே இருந்தது. குழம்பு வைக்கலாம் என்று அவனுக்குச் சந்தோஷம்.

ஆச்சி களை எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டாள். “ஏலே, எங்கெ பிடுங்குனே? புத்துலயா? அடியப் பாத்தியா?” கிட்ட வந்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். “சார், இதுக்கு வேரு எறங்கல. நடுவுல மூக்கும் இல்ல. இது ஆவாது” என்று சொல்லிவிட்டாள். பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இதைச் சாப்பிடுகிறார்கள் என்று சாதித்தான்.

ஒரு குடையை மட்டும் வெட்டி, வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்து, ஒரு டம்ளரால் மூடி வைத்தோம். மறுநாள் காலையில் அவனையே திறக்கச் சொன்னேன். தாளில் மடிப்புகளின் அச்சு அப்படியே விழுந்திருந்தது. நிறம் பாசி போன்ற மங்கிய பச்சை. புற்றுக்காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பாக விழும். பச்சையாக விழுவது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளான். வெப்ப நாடுகளில் புல்வெளிகளிலும் மாட்டுத் தொழுவங்களுக்குப் பக்கத்திலும் சாதாரணமாக முளைக்கும். இளசாக இருக்கும்போது மடிப்பும் வெள்ளையாகவே இருக்கும், முற்றினால்தான் பச்சை காட்டும். தின்றால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, பேதி. ஆச்சிக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவள் பார்த்தது அடியை.

இதைவிட மோசமானவையும் உண்டு. அமானிட்டா குடும்பத்தில் சில காளான்களில் உள்ள அமடாக்ஸின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. தின்று ஆறு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, பேதி வரும். ஒரு கட்டத்தில் சரியாகிவிட்டது போல இருக்கும். அந்த நேரத்தில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். பசிக்குச் சமைத்துச் சாப்பிட்ட ஏழை மக்கள்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் பொய்க் கணக்கு. நத்தையும் புழுவும் தின்கிற காளான் மனுசனைக் கொன்றிருக்கிறது. போன் ஆப் சொல்கிற பெயரையும் நம்பிச் சாப்பிடாதீர்கள். ஏற்கனவே சாப்பிட்டு உடம்பு சரியில்லை என்றால், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்த படத்தையும் கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்போது அந்த ஐந்து படம் மருத்துவருக்கு உதவும்.

காளான் சொல்லும் சேதி

சாப்பிடத்தான் பயன்படாது என்றேனே தவிர, நிலத்தைப் படிக்கக் காளான் படம் நன்றாகவே பயன்படும்.

மூடாக்குப் போட்ட மரத்தடியில் மிளகளவு கிண்ணங்களும், அவற்றுக்குள் முட்டை வைத்தாற்போல் உருண்டைகளும் தெரிகின்றனவா? அது பறவைக்கூட்டுக் காளான். மழைத்துளி கிண்ணத்தில் விழும்போது அந்த உருண்டை தெறித்துப் போய்ப் பரவும். வெறுங்கண்ணுக்குச் சருகோடு சருகாகத்தான் தெரியும், மேக்ரோவில்தான் அழகு தெரியும். அது வந்தால் உங்கள் மூடாக்கு மக்கத் தொடங்கிவிட்டது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் மூடாக்குப் பற்றிப் பேசினார். அந்த மூடாக்கு வேலை செய்கிறது என்பதற்கு இது ஒரு ரசீது.

மாமரக் கிளையிலோ வேலிக் கம்பிலோ விசிறி போல வெள்ளையாக, அடியில் மடிப்புகள் பிளந்து நிற்பது பிளவுக் காளான். அது பெரும்பாலும் செத்த கட்டையில் வரும். உயிருள்ள மரத்தில் வந்தால், அந்தக் கிளை பட்டுக்கொண்டிருக்கிறது அல்லது வெயிலில் வெந்து புண்ணாகியிருக்கிறது என்று பாருங்கள்.

தென்னையின் தூரில் பழுப்பாக, பளபளப்பாக, பலகை போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் உடனே படம் எடுத்து வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். அது கனோடெர்மா. தஞ்சாவூர் வாடல் நோய் என்று நாம் சொல்லும் அடித்தண்டழுகல் நோய்க்குக் காரணம் அதுதான். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கடுமையாகத் தெரியவந்ததால் அந்தப் பெயர். காளான் வெளியே வரும்போது நோய் முற்றியிருக்கும். அந்த மரத்தைவிட அதன் நாலு பக்கத்து மரங்களைக் காப்பதுதான் அப்போது வேலை. மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும், டிரைக்கோடெர்மாவும் வைக்கச் சொல்கிறார்கள். ஒரே பாத்தியில் தண்ணீர் மரத்துக்கு மரம் ஓடவிடாமல் தனித்தனியாகக் கட்டுவதும் முக்கியம்.

புற்றின் மேல் வெள்ளைக் குடைக்குப் பதிலாகக் கறுப்புக் குச்சிகள் விரல் விரலாக நீட்டிக்கொண்டு வந்தால், அது சைலேரியா. கறையான்கள் உள்ளே இருக்கும்வரை இதை வளர விடாது. அது வெளியே வந்துவிட்டதென்றால் கறையான் அந்த அடையைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். களை எடுக்க ஆள் இல்லாத வயல் மாதிரி.

வரப்புப் புற்று

எனக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பொதுவான வரப்பில் இடுப்பளவு புற்று ஒன்று இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னால் அவர் நட்ட தென்னம்பிள்ளைகளில் பதினொன்றைக் கறையான் அரித்துவிட்டது. அவருக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. புற்றை இடித்து மருந்து ஊற்றப் போவதாகச் சொன்னார். நான் நோட்டையும் படங்களையும் காட்டினேன். மழை பெய்த எத்தனாவது நாள், எத்தனை காளான் என்று எல்லாம் இருந்தது. பொறுமையாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “படத்தக் காட்டி என் தென்னம்பிள்ளையக் காப்பாத்திருவீயளா சார்?”

நியாயமான கேள்வி. அதற்குப் படம் பதில் சொல்லாது. கறையான் பயிருக்குத் தீங்கே செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். கரும்புக் கரணையையும் தென்னம்பிள்ளையையும் அரிக்கும். ஆனால் அதற்கு முதல் விருப்பம் காய்ந்த பொருள். நிலத்தை வெட்ட வெளியாகச் சுத்தம் செய்து, பிள்ளையை மட்டும் நட்டு, தண்ணீரும் தட்டினால் அது வேறு எதைத் தின்னும்?

ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னேன். புற்றைச் சுற்றி என் பக்கத்தில் காய்ந்த ஓலையும் வைக்கோலும் போட்டு வைத்தேன். அவர் பக்கத்தில் நடுகுழியில் வேப்பம் புண்ணாக்கு இட்டு, எருக்கிலை ஊறிய தண்ணீரை ஊற்றி, பிள்ளைகளுக்கு ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டோம். அந்த வருஷம் ரெண்டு பிள்ளை மட்டும் போனது. மழையும் நன்றாக இருந்தது, அதனால் எல்லாப் பெருமையும் ஓலைக்கே என்று சொல்ல முடியாது. ஆனால் புற்று நின்றது. மழைக்கு அடுத்த வாரம் அதில் 43 காளான் வந்ததை எண்ணிச் சொன்னவர் அவர்தான். அவர் போனிலும் இப்போது படம் இருக்கு.

இந்த ஐப்பசியில் தொடங்குங்கள்

பூஞ்சைகளில் இதுவரை பெயர் வைக்கப்பட்டவை சுமார் ஒன்றரை லட்சம் இனங்கள். உலகில் இருக்கக்கூடியவை 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை என்று அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். பெயரில்லாதவற்றில் சில நம் தோட்டத்திலேயே இருக்கலாம். இன்று நாம் சந்தையில் வாங்கும் பால் காளானை எடுத்துக்கொள்ளுங்கள். 1974ல் மேற்கு வங்கத்தில் காட்டுக் காளானாகத்தான் அதை விவரித்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை நம் வெக்கைக்கு ஏற்றபடி பண்ணைக்குக் கொண்டுவந்து, 1998ல் ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டது. ஏபிகே என்றால் அருப்புக்கோட்டை. யாரோ ஒருவர் குனிந்து பார்த்து எழுதி வைத்ததால்தான் இன்று எத்தனையோ குடும்பங்கள் அதை வைத்துப் பிழைக்கின்றன.

படம் எடுக்க மலைக்குப் போக வேண்டியதில்லை. எங்களுக்கு மேற்கே உள்ள மலை 2015 முதல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம். தெற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே அனுமதியில்லாமல் நுழைவதும் எதையும் பறிப்பதும் குற்றம். அனுமதியோடு போனாலும் படத்தை மட்டும் கொண்டுவாருங்கள். நமக்கு நம் மரத்தடியே காட்டுத் தரை. சருகை எரிக்காமல் ரெண்டு வருஷம் விட்டுப் பாருங்கள், அது எப்படி மாறுகிறது என்று தெரியும்.

நல்ல படங்களை ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற பொதுப் பதிவேடுகளில் ஏற்றலாம். பெயர் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அதோடு உங்கள் ஊரில் ஆச்சி, தாத்தா யாருக்காவது காளான் தெரிந்தால், அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், எதைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று கேட்டுப் படத்துக்குக் கீழே எழுதி வையுங்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

மழை விட்ட மூன்றாம் நாள் காலையில் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒரு உமிப்பை, ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு பத்து ரூபாய் நாணயம், நோட்டு, பேனா, போன். இவ்வளவுதான் செலவு. பின்வாசல் எருக்குழியிலிருந்து ஆரம்பியுங்கள்.